செல்லாக் காசில் சரித்திரம் கண்டவர்

செல்லாத காசு ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்வோம்? மூலையில் வீசி எறிவோம்.

அப்படி எறிந்த காசுகளைக் கொண்டே ஐரோப்பாவின் சரித்திரத்தை எழுதினார் ஒருவர். அவர் பெயர் யோவாகிம் லெலெவெல்.

நாட்டை இழந்த சிறுவன்

லெலெவெல் 1786-ம் ஆண்டு போலந்தின் தலைநகரான வார்சாவில் பிறந்தார். அவருக்கு 9 வயது நடக்கும்போது, ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. உலகப் படத்தில் போலந்து என்ற நாடே இல்லாமல் போயிற்று.

சிறுவன் வளர்ந்து வில்னா நகரப் பல்கலைக் கழகத்தில் சரித்திரப் பேராசிரியர் ஆனார். அவருடைய வகுப்பில் மாணவர் கூட்டம் அலைமோதியது. ருஷிய ஆட்சிக்கு அது பிடிக்கவில்லை. 1824-ல் அவர் வேலை போயிற்று.

மண்ணில் கிடைத்த புதையல்

அதே 1824 ஜூன் மாதத்தில், புவோட்ஸ்க் நகருக்கு அருகே திரெபுன் என்ற ஊரில் பழங்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. லெலெவெல் அந்தக் காசுகளை ஆராய்ந்து 1826-ல் ஒரு நூல் எழுதினார்.

அக்காலத்தில் காசு சேர்ப்பவர்கள் கிரேக்க, ரோமானியக் காசுகளையே பெரிதும் விரும்பினார்கள். இடைக்காலத்துச் சில்லறைக் காசுகளுக்கு மதிப்பு இல்லை.

கறுப்புக் காசு

சார்லிமேன் சக்கரவர்த்தி காலத்தில் ஒரு பவுண்டு வெள்ளியில் 240 காசுகள் அடித்தார்கள். பிற்காலத்தில் அரசர்கள் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கலந்தார்கள். சில நாளிலேயே காசு கறுத்துவிடும். மக்கள் அதைக் 'கறுப்புக் காசு' என்றார்கள்.

ஜெர்மனியில் தகடுபோல் மெல்லிய காசு நடமாடியது. பிரபுக்கள் அதை அடிக்கடி செல்லாது என்று அறிவிப்பார்கள். 12 பழைய காசைக் கொடுத்தால் 9 புதுக்காசுதான் கிடைக்கும். மீதி 3 காசு பிரபுவின் பெட்டிக்குப் போகும்! ஏழை பட்ட பாடெல்லாம் அந்தக் காசில் இருந்தது.

இந்தக் காசுகள் பெரும்பாலானவற்றில் ஆண்டு கிடையாது. எழுத்தும் தேய்ந்திருக்கும். லெலெவெல் காசில் உள்ள உருவத்தைப் பார்த்தார். ஓர் ஊர்க் காசுக்கு நல்ல பெயர் இருந்தால், பக்கத்து ஊரும் அதைப் பார்த்து அடிக்கும். பார்த்துப் பார்த்து அடித்ததில் உருவம் சிதைந்துபோகும். பிரான்சில் சினோன், புளுவா ஊர்க் காசுகளில், மனிதத் தலை நாளடைவில் வெறும் கோடும் புள்ளியும் ஆகிவிட்டது! இவற்றை வரிசையாக வைத்தால் எது முந்தியது, எந்த ஊரைப் பார்த்து எந்த ஊர் அடித்தது என்று தெரிந்துவிடும்.

அரசாண்டவர் அகதியானார்

1830-ல் போலந்து மக்கள் ருஷியாவை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தார்கள். ஐந்து பேர் கொண்ட தேசிய சர்க்காரில் லெலெவெலும் ஒருவர். 1831-ல் கிளர்ச்சி தோற்றது. அவர் பாரிசுக்குத் தப்பிச் சென்றார். அங்கும் ருஷியா விடவில்லை. அதன் வற்புறுத்தலால் வெளியேற்றப்பட்டு, 1833-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போனார்.

அங்கே எளிய அறையில், தொழிலாளியின் சட்டை அணிந்து, எழுதிக் கிடைத்த சொற்பப் பணத்தில் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். யாரிடமும் கை நீட்டவில்லை.

இடைக்காலக் காசுகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1835-ல் வெளிவந்தது. அதில் உள்ள காசுப் படங்களைச் செம்புத் தகட்டில் அவரே செதுக்கினார். அறிஞர் உலகம் வியந்தது. தம் பையில் காசு இல்லாதவர், உலகத்தின் காசுகளுக்கு முகவரி தேடித் தந்தார்!

திரும்பி வந்தார்

1861 மே மாதம், நோயுற்ற நிலையில் அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார்கள். சில நாளில் அங்கேயே காலமானார். தமது நூல்களையும் தேசப் படங்களையும் வில்னா பல்கலைக் கழகத்துக்கே எழுதி வைத்திருந்தார்.

போலந்து 1918-ல் மீண்டும் சுதந்திரம் பெற்றது. 1929-ல் அவருடைய எலும்புகளை எடுத்து வந்து வில்னாவில் அடக்கம் செய்தார்கள். எந்த நகரம் அவர் வேலையைப் பறித்ததோ, அந்த நகரமே அவருக்கு இடம் கொடுத்தது.