மொட்டை மாடியில் ஒரு ஜப்பானியர்



மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் ஒரு காலத்தில் எந்த வீட்டுக் கூரையைப் பார்த்தாலும் மீன் முள் மாதிரி ஒரு அலுமினிய ஆண்டெனா நிற்கும். ஊரிலுள்ள அத்தனை முள்ளும் வடக்கே பார்த்தபடிதான் இருக்கும். காரணம், சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே கொடைக்கானல் மலை. அங்கேதான் தூர்தர்ஷன் டவர். காற்றடித்து ஆண்டெனா கொஞ்சம் திரும்பிவிட்டால் போச்சு, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாய் ஈ மொய்க்கும். யாராவது மாடி ஏறியாக வேண்டும்.

அந்த ஆண்டெனாவுக்கு யாகி-உடா என்று பெயர். பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்குகிறோமே தவிர, அது இரண்டு மனிதர்களின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹிதெட்சுகு யாகி 1886-ம் ஆண்டு ஜனவரி 28-ம் தேதி ஜப்பானின் ஒசாகா நகரில் பிறந்தார். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்து 1909-ல் வெளியே வந்தார். 1913-ல் மேல்படிப்புக்காக ஜெர்மனி போய், டிரெஸ்டன் நகரில் பார்க்ஹாசனிடம் சேர்ந்தார். அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வெடித்தது. ஜெர்மனியில் தொடர முடியாமல் இங்கிலாந்து போனார். அங்கே அவருக்குக் கிடைத்த குரு யார் தெரியுமா? வால்வு டையோடைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்! பிறகு அமெரிக்காவுக்கும் போய்விட்டு ஊர் திரும்பி, செண்டாய் நகரிலுள்ள டொஹோகு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். போர் துரத்தியதில் மூன்று நாட்டு வித்தையும் கைக்கு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் வானொலிக்காரர்கள் எல்லாம் நீள அலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். யாகியோ சில மீட்டர் நீளமே உள்ள குட்டி அலைகள்தான் நாளைக்கு ஆளப்போகிறது என்று நம்பினார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் ஷின்டாரோ உடா, 1896-ல் பிறந்தவர், பத்து வயது இளையவர். பெஞ்சில் நின்று குழாயை வெட்டி, தள்ளி வைத்து, கிட்ட வைத்து, மீட்டர் பார்த்து எழுதியதெல்லாம் பெரும்பாலும் உடாதான். 4.4 மீட்டர் அலையில் அவர் சோதனைகள் நடந்தன. கணக்குப் போட்டால் 68 மெகாஹெர்ட்ஸ். பிற்காலத்தில் டி.வி. வந்து குடியேறிய இடத்துக்குப் பக்கத்து வீடு!

கண்டுபிடிப்பு ரொம்பவும் எளிமையானது. வயர் இணைக்கிற டைபோல் ஒன்றே ஒன்றுதான். அதன் பின்னால் கொஞ்சம் நீளமான ஒரு குழாய், அது ரிஃப்ளெக்டர். முன்னால் கொஞ்சம் குட்டையான குழாய்கள். அவை டைரக்டர் (சினிமா டைரக்டர் இல்லை, அலைக்கு வழி காட்டுகிறவர்). இவற்றுக்கு வயரும் கிடையாது, கரண்டும் கிடையாது, சும்மா நிற்கின்றன. ஆனால் வருகிற அலையில் தாங்களும் அதிர்ந்து, மறுபடி அலை வீசி, ஒரு பக்கத்து சிக்னலை டைபோல் மேல் கூட்டிச் சேர்க்கின்றன. மற்ற பக்கத்தை அமுக்கிவிடுகின்றன. நாலு குழாயும் ஒரு டேப்பும் இருந்தால் போதும். ஏழை வீட்டுக்கும் டி.வி. வந்ததற்கு இந்த மலிவும் ஒரு காரணம்.

ரூமுக்குள் வைக்கிற ஆண்டெனா வாங்க நினைக்கிறவர்களும் இதைக் கவனிக்கணும். விலை அதிகமான பளபளப் பெட்டியில் பாதி அலங்காரம்தான். அதிலுள்ள பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். மலை மறைத்த இடத்தில் வராத சிக்னலை அது எங்கிருந்து கொண்டுவரும்? அளவுதான் முக்கியம். கொடைக்கானல் எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ 100.5-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.98 மீட்டர், பாதி 1.49. அதில் ஐந்து சதவீதம் குறைத்தால் 1.42 மீட்டர். ஆகவே ஒரு கைக்கு 71 சென்டிமீட்டர் வீதம் இரண்டு துண்டு வயர். அதை வடக்கு ஜன்னலில் கிழக்கு மேற்காக இழுத்துக் கட்டினால் அகலப் பக்கம் கொடைக்கானலைப் பார்க்கும். தெளியலைன்னா நெட்டுக்குத்தாகவும் வச்சுப் பார்க்கலாம். செலவு ஒரு டீ, ஒரு வடை.

கதைக்கு வருவோம். 1925 டிசம்பரில் பேடன்ட்டுக்கு மனுப் போட்டபோது யாகி பெயர் மட்டுமே அதில் இருந்தது. உடா ஜப்பானிய மொழியில் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார், வெளியுலகம் படிக்கவில்லை. 1928-ல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை உலகமே படித்தது. உடாவின் உழைப்பை யாகி அதில் மறைக்கவில்லை. ஆனாலும் உலகம் நாக்குக்குச் சுலபமாக ஒரு பெயரை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டது. லேபில் சோல்டரிங் செய்கிறவன் ஒருவன், ரெக்கார்டில் பெயர் போடுகிறவன் ஒருவன் என்பது நமக்குப் புதுசா என்ன? என்னைக் கேட்டால், பேடன்ட்டில் இரண்டு பெயரும் இருந்திருக்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை, சொந்த நாடு இந்தக் கண்டுபிடிப்பை மதிக்கவே இல்லை. வெளிநாட்டு உரிமைகள் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கைக்கும், இங்கிலாந்தில் மார்க்கோனி கம்பெனி கைக்கும் போயின. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது நமக்குத் தெரிந்த சரித்திரம். அங்கே ஒரு பிரிட்டிஷ் ராணுவ டெக்னீஷியனின் நோட்டுப் புத்தகம் அவர்கள் கையில் சிக்கியது. ராடார் பற்றிய குறிப்புகள். அதில் அடிக்கடி ஒரே சொல், யாகி. படித்த ஜப்பானிய அதிகாரிகளுக்கு அதை எப்படி உச்சரிப்பது என்றே புரியவில்லை. கடைசியில் அது உங்கள் நாட்டு விஞ்ஞானியின் பெயர்தான் என்று அந்தப் போர்க் கைதியே விளக்க வேண்டியதாயிற்று. 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகி மேல் விழுந்த அணுகுண்டுகளிலும், தரையிலிருந்து உயரம் அளக்கும் கருவிக்குப் பொருத்தியிருந்தது யாகி ஆண்டெனாதான். கண்டுபிடித்தவன் ஊருக்கே அது அப்படியும் திரும்பி வந்தது.

இடையில் 1933 முதல் யாகி ஒசாகா பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை நடத்தினார். அங்கே ஒரு இளைஞர் கட்டுரை எதுவும் எழுதாமல் காலம் கடத்துகிறார் என்று கடுமையாகத் திட்டியிருக்கிறார். திட்டு வாங்கியவர் யுகாவா. அவர் 1935-ல் வெளியிட்ட மெசான் கட்டுரைக்கு 1949-ல் நோபல் பரிசே கிடைத்தது! நம்ம லெக்சரர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு உற்சாகமாகிவிடாமல் இருக்க வேண்டும்.

போருக்குப் பின் யாகி அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். 1952-ல் ஆண்டெனா கம்பெனி தொடங்கினார், 1953-ல் பார்லிமென்ட் மேல்சபைக்குப் போனார், 1956-ல் ஜப்பானின் கலாசார விருது பெற்றார். உடாவோ 1955 முதல் 1958 வரை யுனெஸ்கோ நிபுணராக நம் டெல்லி தேசிய பௌதிக ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அப்போது டெல்லியிலேயே டி.வி. கிடையாது, அது 1959-ல்தான் வந்தது. யாருடைய கண்டுபிடிப்பு நம் கூரைகள் மேல் ஏறப்போகிறதோ அவர் நம்ம நாட்டிலேயே மூன்று வருஷம் இருந்திருக்கிறார்.

1976 ஜனவரி 19-ல் யாகி காலமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 18-ல் உடாவும் போய்ச் சேர்ந்தார். 1995-ல் செண்டாயிலுள்ள அவர்களுடைய பல்கலைக்கழகத்தில் உலக மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. ஒரு நினைவுப் பலகை வைத்தது. அதில் இரண்டு பெயரும் இருக்கிறது.