ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளர், தாவரவியலாளர். மில்லிமீட்டர் அளவு அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை ஆய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். இழைகளாலான பொருட்கள் இவ்வலைகளை எவ்வாறு தடுக்கின்றன, கடத்துகின்றன என்பதையும் செய்துகாட்டியவர்.

இளமையும் கல்வியும்

போஸ் இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. தாய்மொழிக் கல்வியில் பற்றுக்கொண்ட அவர் மகனை முதலில் வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார். கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் பயின்ற பின் போஸ் 1880 இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அப்படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். ரேலி பிரபு அங்கு இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர்.

பணியும் ஊதியப் போராட்டமும்

1885 இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஐரோப்பிய ஆசிரியர்களை விடக் குறைந்த ஊதியமே இவருக்கு அளிக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியம் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அபலாவை 1887 இல் மணந்தார்.

மின்காந்த அலை ஆய்வுகள்

கல்லூரியில் ஆய்வு வசதி மிகக் குறைவாக இருந்ததால், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரின் உதவியுடன் கருவிகளைத் தாமே உருவாக்கினார். சிதறும் அலைகள் உணர்கருவியைப் பாதிக்காதவாறு அலைபரப்பியை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். 1894-95 காலப்பகுதியில் கல்கத்தா நகர மண்டபத்தில் கம்பியின்றி அலைகளை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

அலையின் அதிர்வைக் குறிப்பிட்ட ஒரு தளத்தில் மட்டும் அமையச் செய்வது தளவிளைவு எனப்படும். இதற்கு போஸ் எளிய பொருட்களையே பயன்படுத்தினார். தொடர்வண்டிக் கால அட்டவணை நூலொன்றின் தாள்களுக்கிடையே தகரத்தாள்களைச் செருகி, அதனையே தளவிளைவுக் கருவியாக்கினார். நெமலைட், கிரிசோடைல் ஆகிய இழைக் கனிமங்களும் இவ்வாறே செயல்படுவதைக் கண்டறிந்தார்.

காரணம் எளியது. இழையின் நீளவாக்கில் மின்கடத்துதிறன் அதிகம். எனவே அத்திசையில் அதிரும் மின்புலம் இழையில் மின்னோட்டத்தைத் தூண்டித் தடுக்கப்படுகிறது. குறுக்குத் திசையில் அதிர்வது ஊடுருவிச் செல்கிறது.

1898 இல், முறுக்கிய சணல் கட்டுகள் அலையின் தளவிளைவுத் தளத்தைச் சுழற்றுவதைக் காட்டினார். வலமுறுக்கும் இடமுறுக்கும் எதிரெதிர்த் திசைகளில் சுழற்றின. சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைச் சுழற்றுவதற்கு இது மாதிரியாக அமைந்தது.

மின்காந்த இடையூற்றைத் தடுக்கும் இன்றைய கார்பன் இழைக் கூட்டுப்பொருட்களிலும் இத்திசைச் சார்பு உண்டு. ஒரே திசையில் அடுக்கிய இழைகள் அத்திசை அதிர்வையே நன்கு தடுக்கும். ஆகவே எல்லாத் திசை அதிர்வுகளையும் தடுக்க, இழை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்காக வைக்கப்படுகின்றன.

பிற்காலம்

கலீனா படிக உணர்கருவிக்கு 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோதிலும், கண்டுபிடிப்புகளைப் பொருளீட்டப் பயன்படுத்த இவர் விரும்பவில்லை. பின்னர் தாவரங்களின் தூண்டல் துலங்கலை ஆராய்ந்தார். 1917 இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920 இல் அரச கழக உறுப்பினரானார். கிரிடியில் காலமானார். இவருடைய மில்லிமீட்டர் அலை ஆய்வுகளை ஐ.இ.இ.இ. அமைப்பு 2012 இல் பொறியியல் மைல்கல்லாக அறிவித்தது.