ஏடு காத்த பெருந்தகை

மறைந்து கிடந்த திவ்யப் பிரபந்தங்களை நாடி ஸ்ரீமந் நாதமுனிகள் திருக்குருகூருக்கு எழுந்தருளியதையும், கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை அனுசந்தித்து, நம்மாழ்வாரின் திருவருளால் நாலாயிரத்தையும் பெற்றதையும் குருபரம்பரை வரலாறு கூறும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், மறைந்த தமிழ் நூல்களை நாடி அதே திவ்யதேசத்துக்கு மற்றொருவர் வந்தார். அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இசைவல்ல வேங்கடசுப்பையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அப்பெரியார் 1876-ல் மறையும் வரை பாடங்கேட்டார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டு அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் கோவைகளையும் அடுக்கிக் கூறினார். முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவிப் பின்னர் அதன் பிரதியையும் அளித்தார். அந்த ஒரு வினா ஐயரின் வாழ்வைத் திருப்பிவிட்டது.

ஏட்டுச் சுவடியைப் படிப்பது எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு வேற்றுமை தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பது விளங்காது. செல்லரித்த இடத்தை மற்றோர் ஏட்டைக்கொண்டே நிரப்ப வேண்டும். ஆகவே பல ஏடுகளை ஒப்பிட்டும், சமண சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சைன அன்பர்களிடம் கேட்டுத் தெளிந்தும் சிந்தாமணியை 1887-ல் அச்சிட்டார்.

அடுத்துப் பத்துப்பாட்டுக்கு நல்ல ஏடு வேண்டியிருந்தது. கவிராயர்கள் பலர் வாழ்ந்த ஆழ்வார்திருநகரியில் வீடுவீடாகத் தேடியும் கிடைக்கவில்லை. மனம் சோர்ந்த நிலையில், திருவீதியில் எழுந்தருளிய நம்மாழ்வாரைச் சேவித்துத் தம் குறையை விண்ணப்பித்துக்கொண்டார். அன்றிரவே இலக்குமணக் கவிராயர் ஒரு சுவடியைக் கொணர்ந்து கொடுத்தார். நிலவொளியில் பிரித்தபோது முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணிற் பட்டது. தேடிவந்த பத்துப்பாட்டு அதுவே. உலகளந்த திருமாலை மேகத்துக்கு உவமையாக்கித் தொடங்குவது முல்லைப்பாட்டு. அது ஆழ்வாரின் அவதாரத் தலத்திலேயே கைக்கு வந்ததை அடியார்கள் எண்ணி மகிழலாம். பத்துப்பாட்டு 1889-ல் வெளிவந்தது.

அதன்பின் சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் அச்சேறின. 1918-ல் பரிபாடல் வந்தது. 70 பாடல்கள் கொண்டிருந்த அந்நூலில் இன்று முழுமையாக எஞ்சியவை 22. அவற்றுள் 6 பாடல்கள் திருமாலைப் பாடுவன. ஆழ்வார்களுக்கு முன்னரே தமிழகத்தில் தழைத்திருந்த திருமால் பக்திக்கு அவை அரிய சான்று. எஞ்சிய பாடல்கள் எந்த ஏட்டோடு அழிந்தனவோ!

அழிவு அவர் கண்முன்னும் நிகழ்ந்தது. பழுதுற்ற சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ஓரூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாகக் கேட்டு அவர் நெஞ்சம் பதைத்தார். செய்தவர்கள் பகைவரல்லர்; பக்தியினாலேயே செய்தனர். ஏட்டைப் பூசித்தார்களேயன்றி அதில் எழுதியிருந்ததைப் படித்தாரில்லை.

1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஐயரவர்கள், ஓய்வுக்குப் பின்னும் பதிப்புப் பணியை விடவில்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவர் திரட்டிய சுவடிகளைக் காக்க 1943-ல் அவர் பெயரால் நூல்நிலையம் ஒன்று சென்னையில் நிறுவப்பெற்றது.

நம் இல்லங்களின் பரண்களிலும் முன்னோர் எழுதிய வியாக்கியானங்களும் தலவரலாறுகளும் கட்டுக்கட்டாகக் கிடக்கக்கூடும். சரசுவதி பூசையன்று சந்தனம் இட்டுத் திரும்பவும் பரணில் ஏற்றிவிடாமல், படிக்க வல்லாரிடம் காட்டிப் படியெடுத்து வைப்பதும் பெருமாளுக்குச் செய்யும் கைங்கர்யமேயாகும்.