பாகவதரா, சின்னப்பாவா? தமிழ்நாட்டை இரண்டாகப் பிரித்த பாட்டுச் சண்டை... யார் இந்த பி.யு.சின்னப்பா?

பீட்டில்ஸ் பெரிசா, ரோலிங் ஸ்டோன்ஸ் பெரிசா? 1960களில் பிரிட்டனில் கிளம்பிய இந்தப் பஞ்சாயத்து இன்றுவரை முடிந்தபாடில்லை. ஒரு குரூப்புக்கு மெட்டும் இனிமையும் முக்கியம். இன்னொரு குரூப்புக்கு முரட்டுத்தனமும் மேடைத் துடிப்பும் முக்கியம். இரண்டு பக்கமும் சொல்வது உண்மை என்பதால்தான் சண்டை ஓய்வதில்லை.

இதே சண்டையை அவர்களுக்கு 20 வருஷம் முன்னாடியே போட்டு முடித்தவர்கள் தமிழ் ரசிகர்கள். இங்கே கட்சி இரண்டு. எம்.கே.தியாகராஜ பாகவதர் கட்சி, பி.யு.சின்னப்பா கட்சி.

பாகவதர் பெயர் இப்போதும் பலருக்குத் தெரியும். பாகவதர் கிராப், மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்', கொலை வழக்கு, சிறை என்று அவர் கதை அடிக்கடி பேசப்படுகிறது. ஆனால், அவருக்குச் சரிக்குச் சரியாக நின்ற சின்னப்பாவைப் பற்றி இன்றைய தலைமுறைக்கு ஒரு வரிகூடத் தெரியாது. இத்தனைக்கும் அவரை ஸ்டார் ஆக்கியது சென்னை இல்லை. சேலமும் கோயம்புத்தூரும்தான்.

குரல் உடைந்த பையன்

பி.யு.சின்னப்பா என்றால் புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா. பிறந்தது 1916 மே 5. அப்பா உலகநாத பிள்ளை நாடக நடிகர். அந்த வீட்டில் பையன் பாடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சின்ன வயசிலேயே நாடக கம்பெனிக்குப் போனார். பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. பின்னாளில் தமிழ்நாட்டு முதல்வரான எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்ரபாணியும் அதே கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான். அங்கே ராஜபார்ட் வேஷம் கட்டிக் கைதட்டல் வாங்கிய ஸ்டார் சின்னப்பா.

பாய்ஸ் கம்பெனி நடிகர்களுக்கு ஒரு கண்டம் உண்டு. மகரக்கட்டு. பதின்ம வயதில் குரல் உடைந்தால் நேற்றுவரை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கூட்டம் இன்று திரும்பிக்கூடப் பார்க்காது. சின்னப்பாவுக்கும் அது நடந்தது. அந்த இடைவெளியில் அவர் சும்மா உட்காரவில்லை. சிலம்பம் சுற்றினார், எடை தூக்கினார், சங்கீதத்தையும் விடாமல் சாதகம் செய்தார். பாட்டுக்காரருக்குப் பயில்வான் உடம்பு! அந்தக் காலத்தில் இது அபூர்வமான காம்பினேஷன். பின்னாளில் ரசிகர் சண்டையில் அவர் கட்சிக்கு இதுவே பெரிய பாயின்ட் ஆனது.

1936-ல் ஜூபிடர் பிக்சர்ஸின் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். படம் பேசப்பட்டது. ஆனால் அடுத்த சில வருஷங்கள் சரியாக அமையவில்லை. இன்னொரு பக்கம் 1937-ல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' என ஒரே வருஷத்தில் இரண்டு படங்களால் பாகவதர் உச்சிக்குப் போய்விட்டார். சினிமாவே வேண்டாம் என்று வெறுத்துப்போய் விரதம், மௌனம் என்று சின்னப்பா ஒதுங்கியிருந்ததாகச் சொல்வார்கள்.

சேலம் கொடுத்த இரட்டை வாழ்வு

அப்போதுதான் சேலத்திலிருந்து அழைப்பு வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். ஏற்காடு போகும் சாலையில் ஸ்டூடியோ கட்டி, தொழிற்சாலை மாதிரி கறாராகப் படம் எடுத்தவர். இரும்பு முகமூடி மனிதனைப் பற்றிய பிரெஞ்சுக் கதையைத் தமிழுக்குத் தோதாக மாற்றி, 1940-ல் 'உத்தமபுத்திரன்' எடுத்தார். ஒரே ஆள் நல்ல இளவரசன், அதே ஆள் கொடுங்கோல் அரசன். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடப் படம் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இப்போது கம்ப்யூட்டரில் நொடியில் முடிகிற வேலை இது. அன்று அப்படி இல்லை. லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு பக்கம் ஷூட் பண்ண வேண்டும். பிறகு அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியைத் திறந்து இன்னொரு முறை ஷூட் பண்ண வேண்டும். கேமரா இம்மி அசைந்தாலும் எல்லாம் வீண். நடிகர் எதிரில் ஆளே இல்லாமல், இருக்கிற மாதிரி பார்த்துப் பேச வேண்டும். சின்னப்பா அதைச் செய்து காட்டினார். ஒரே படத்தில் நிலைமை தலைகீழானது.

1958-ல் சிவாஜி நடித்து அதே பெயரில் வந்த படத்தைத்தான் இன்று எல்லாருக்கும் தெரியும். அந்த வேஷத்தை 18 வருஷம் முன்பே கட்டியவர் சின்னப்பா.

ஒரே ஸ்டூடியோ, இரண்டு கட்சி

அடுத்து கோயம்புத்தூர். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோஸ் அன்று தென்னிந்தியாவின் முக்கியமான படப்பிடிப்புத் தளங்களில் ஒன்று. அங்கே படம் எடுத்த பட்சிராஜா ஃபிலிம்ஸ் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு ஒரு சாமர்த்தியமான காரியம் செய்தார். சண்டை போடும் இரண்டு கட்சிக்கும் அவரே தீனி போட்டார்.

1941-ல் சின்னப்பாவை வைத்து காத்தவராயன் கதையை 'ஆர்யமாலா' என்று எடுத்தார். படம் பிரமாதமாக ஓடியது. அதே ஆண்டில் அந்தப் பக்கம் பாகவதருக்கு 'அசோக்குமார்'. 1943-ல் அதே நாயுடு பாகவதரை வைத்து 'சிவகவி' எடுத்தார். அடுத்த வருஷமே மறுபடி சின்னப்பாவோடு 'ஜகதலப்பிரதாபன்'. அதே 1944-ல், அதே சென்ட்ரல் ஸ்டூடியோவில் படமான இன்னொரு படம்தான் பாகவதரின் 'ஹரிதாஸ்'. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்த படம்.

அதாவது, ஊர் ஊராக அடித்துக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்களின் முக்கிய ஆயுதங்கள் பலவும் ஒரே கோவைப் பட்டறையில் அடித்தவை!

இதற்கு நடுவில் 1942-ல் ஜூபிடரின் 'கண்ணகி'யில் கோவலன், சேலத்தில் சுந்தரனார் நாடகத்தை வைத்து எடுத்த 'மனோன்மணி' என்று சின்னப்பா விடாமல் அடித்து ஆடினார். 'தவநடிக பூபதி' என்ற பட்டம் விளம்பரங்களில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சரி, சண்டை எதைப் பற்றி?

பாகவதர் கட்சியின் வாதம் ரொம்ப சிம்பிள். குரல். எட்டுகிற உச்ச ஸ்தாயி, அதில் கொஞ்சமும் பிசிறில்லாத இனிமை, பாபநாசம் சிவன் பாட்டுகள். பொன்னிற மேனி, தோளில் புரளும் முடி. அவர் நடிக்கணும்னு அவசியமே இல்லை, வந்து நின்று பாடினால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

சின்னப்பா கட்சி விட்டுக்கொடுக்குமா? எங்க ஆளும் பாடுவார், ஆனால் அதோடு நிற்கமாட்டார் என்பது இவர்கள் பதில். கத்தி பிடிப்பார், கம்பு சுற்றுவார், அழுதால் அழுகை வரும், வில்லனாக மாறினால் பயம் வரும். ஆதாரமாக இவர்கள் காட்டியது 'ஜகதலப்பிரதாபன்' படத்தின் கச்சேரிக் காட்சி. பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. திரையில் ஒரே நேரத்தில் ஐந்து சின்னப்பா! தியேட்டருக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள் பலர் அந்த ஒரு காட்சிக்காகத்தான் போனார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். பாகவதரின் பலம் முழுக்க அந்தத் தட்டுக்குள் அடங்கிவிடும். ஊசியை வைத்தால் ஆள் எதிரில் வந்துவிடுவார். சின்னப்பாவின் பலத்தில் பாதி கண்ணால் பார்க்க வேண்டியது. படம் தியேட்டரை விட்டுப் போனதும் அந்தப் பாதி காணாமல் போயிற்று. வெறும் குரலை வைத்து மட்டும் மார்க் போட்டால் பாகவதர் ஒரு படி மேலே என்பதை மறுப்பது கஷ்டம். முழு நடிகர் யார் என்று கேட்டால் விடை சின்னப்பாதான்.

ஒருவர் சிறையில்

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். கோவை ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்க்கப்பட்டார், பிறகு விடுவிக்கப்பட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் பாகவதரும் என்.எஸ்.கே.யும் வெளியே வந்தார்கள்.

எதிராளி இல்லாத மைதானம். சின்னப்பா எளிதாக ஜெயித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. உலகப்போரால் ஃபிலிம் தட்டுப்பாடு, படங்களின் நீளத்துக்கே அரசு கட்டுப்பாடு. 'அர்த்தநாரி', 'விகடயோகி', 'பங்கஜவல்லி' என்று படங்கள் வந்தாலும் பழைய அலை எழவில்லை. எதிரில் ஒருவர் இருந்தவரை இருந்த சூடு, அவர் போனதும் குறைந்துவிட்டது.

அதே 1947-ல் அதே சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனம் 'ராஜகுமாரி' எடுத்தது. ஹீரோ, பாய்ஸ் கம்பெனியின் பழைய ஜூனியர் எம்.ஜி.ஆர். வசனத்தில் கைகொடுத்தவர் மு.கருணாநிதி. பாடத் தெரிந்தவர்தான் ஹீரோ என்ற சட்டம் மெல்ல உடைய ஆரம்பித்தது. பின்னணிப் பாடகர்கள் வந்தார்கள், வசனம் முன்னுக்கு வந்தது. பாகவதரா சின்னப்பாவா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. கேள்வியே காலாவதியாகிவிட்டது.

ஆனாலும் சின்னப்பா சளைக்கவில்லை. 1949-ல் வந்த 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேஷம். படம் ஹிட், பாட்டுகளும் ஹிட். அதே வருஷம் வந்த 'ரத்னகுமார்' படத்தில் ஹீரோ சின்னப்பா, சின்ன வேஷத்தில் எம்.ஜி.ஆர்.

35 வயது

சம்பாதித்ததை சின்னப்பா புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கினார். இனிமேல் இவருக்கு வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. தன்னோடு 'பிருத்விராஜன்' படத்தில் நடித்த ஏ.சகுந்தலாவை மணந்திருந்தார்.

1951 செப்டம்பர் 23. புதுக்கோட்டையில் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சின்னப்பா, ரத்த வாந்தி எடுத்துச் சாய்ந்ததாகச் சொல்லப்படுகிறது. வயது 35. அவர் நடித்து முடித்திருந்த 'சுதர்சன்' அவர் போன பிறகுதான் திரைக்கு வந்தது.

பாகவதர் 1959 நவம்பர் 1-ல் காலமானார். அதற்குள் கோவையிலும் சேலத்திலும் தியேட்டர் வாசலில் வேறு இரண்டு கட்சிகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. எம்.ஜி.ஆரா, சிவாஜியா?