மூன்று விளக்குக் கார் செய்த பிரஸ்டன் டக்கர்

அமெரிக்கக் கார் என்றதும் ஃபோர்டு, செவ்ரோலே, கிரைஸ்லர் என்ற பெயர்கள் நம் நினைவுக்கு வரும். டக்கர் என்றொரு கார் இருந்ததை அறிந்தவர் குறைவு. மாதிரிக் காரையும் சேர்த்து மொத்தமே 51 கார்கள்தான் உருவாகின. அதைச் செய்தவர் ஏமாற்றுக்காரர் என்று நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்.

பிரஸ்டன் டக்கர் 1903 செப்டம்பர் 21ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தில் கேப்பக் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை, ஆசிரியையான தாயார் கார் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகருக்கு அருகில் வளர்த்தார். 11 வயதிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கேடிலாக் நிறுவனத்தில் அலுவலகப் பையனாகச் சேர்ந்தபோது, வேலை விரைவாக முடியட்டும் என்று ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு சுற்றினாராம். பிறகு காவல்துறையில் சேர்ந்தார். வேகமான வண்டி ஓட்டலாம் என்ற ஆசைதான் காரணம்! மகனுக்கு வயது போதாது என்று தாயாரே சொல்லி வெளியே கொண்டுவந்தார். மீண்டும் போய்ச் சேர்ந்தவர், குளிர்காலத்தில் காவல் காருக்குள் இயந்திரத்தின் சூடு வரவேண்டும் என்று முன்தகட்டில் ஓட்டை போட்டார். அதோடு வண்டி ஓட்டும் பணி பறிபோனது.

1935இல், புகழ்பெற்ற பந்தயக் கார் வடிவமைப்பாளர் ஹேரி மில்லருடன் சேர்ந்து ஃபோர்டு நிறுவனத்திற்காக இண்டியானாபோலிஸ் பந்தயக் கார்களைச் செய்தார். நேரம் மிகக் குறைவு. ஸ்டியரிங் பெட்டி புகைக்குழாய்க்கு மிக அருகில் இருந்ததால் சூடேறி இறுகிப்போனது. ஓடிய கார்களில் ஒன்றுகூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. இந்த அவசரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடியும் வரும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றிருந்தது. போர் முடிந்ததும் பெரிய நிறுவனங்கள் பழைய வடிவங்களையே மெருகேற்றி விற்றன. டக்கர் முற்றிலும் புதிய காரை அறிவித்தார். இயந்திரம் பின்னால். முன்பக்கத்தின் நடுவில் மூன்றாவது விளக்கு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் திரும்பி வளைவில் ஒளி காட்டும். மோதினால் முன்கண்ணாடி வெளிப்பக்கம் கழன்று விழும். முன்தகட்டில் பஞ்சு மெத்தை. பக்கத்தில் அமர்பவர் ஆபத்து நேரத்தில் குனிந்து ஒடுங்கிக்கொள்ள இடம். இருக்கை வாரும் திட்டத்தில் இருந்தது. அதைப் பார்த்தால் கார் ஆபத்தானது என்று வாங்குபவர் நினைப்பார் என்று உடனிருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். இன்று வார் மாட்டாமல் காரை நகர்த்தாத நமக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

சிகாகோவில் பி-29 போர் விமானங்களுக்கு இயந்திரம் செய்த மாபெரும் ஆலை அவருக்குக் கிடைத்தது. ஆனால் 15 மில்லியன் அமெரிக்க வெள்ளி முதலீட்டைக் குறித்த காலத்திற்குள் காட்டவேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது. கார் தயாராகும் முன்பே விற்பனை உரிமைகளை விற்றார், பங்குகளையும் விற்றார். இங்குதான் சிக்கல் தொடங்கியது.

1947 ஜூன் 19ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் மாதிரிக் கார் அறிமுகமானது. திரைக்குப் பின்னால் ஒரே பரபரப்பு. காரின் எடை தாங்காமல் சஸ்பென்ஷன் முறிந்திருந்தது. 9.6 லிட்டர் இயந்திரத்தின் இரைச்சலை மறைக்க இசைக்குழுவைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். அந்தக் காரில் ரிவர்ஸ் கியரும் இல்லை. டக்கர் காருக்குப் பின்னால் போகத் தெரியாது என்று பரவிய கேலி, பின்னர் வந்த கார்களில் அது இருந்தும் ஓயவில்லை.

பெரிய இயந்திரத்தைக் கைவிட்டு, ஹெலிகாப்டர் இயந்திரம் ஒன்றை நீரால் குளிரும்படி மாற்றிப் பொருத்தினார்கள். 166 குதிரைத்திறன், கார் சீறிப் பாய்ந்தது. ஆனால் பணம் கரைந்துகொண்டிருந்தது. 1948இல் டக்கர் இன்னொரு வழி கண்டுபிடித்தார். வானொலி, இருக்கை உறை, பயணப்பெட்டி ஆகியவற்றை முன்கூட்டியே வாங்குவோருக்குக் கார் வரிசையில் இடம் உண்டு என்றார். கார் இல்லாதவரிடம் கார் உறையை விற்பது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். பங்கு விற்பனையைக் கண்காணிக்கும் அரசு ஆணையமும் அப்படித்தான் நினைத்தது. விசாரணைச் செய்தி பத்திரிகைகளில் வந்ததும் பங்கு விலை சரிந்தது. கடன் கொடுக்க ஆளில்லை. 1949 மார்ச்சில் நிறுவனம் அவர் கையைவிட்டுப் போனது. எஞ்சிய பாகங்களைக் கொண்டு ஒரு சிறு குழு கடைசிக் கார்களைக் கோர்த்து முடித்தது.

அதே ஆண்டு அக்டோபரில் டக்கர் மீதும் அவருடைய கூட்டாளிகள் ஏழு பேர் மீதும் மோசடி வழக்கு நடந்தது. கார் செய்யும் எண்ணமே இல்லாமல் மக்கள் பணத்தைச் சுருட்டினார் என்பது அரசுத் தரப்பு வாதம். ஆனால் 50 கார்கள் சாலையில் ஓடக்கூடிய நிலையில் இருந்தன. டக்கரின் வழக்கறிஞர்கள் ஒரு சாட்சியைக்கூட அழைக்காமல் தங்கள் தரப்பை முடித்தார்கள். 1950 ஜனவரி 22ஆம் நாள் அனைவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பு வந்தது. அப்போது ஆலையும் இல்லை, நிறுவனமும் இல்லை.

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1988இல் இயக்கிய திரைப்படம், பெரிய கார் நிறுவனங்களும் அரசியல்வாதிகளும் சேர்ந்து அவரை வீழ்த்தியதாகக் காட்டுகிறது. கொப்போலாவின் தந்தையும் டக்கர் பங்கு வாங்கியவர்களில் ஒருவர். படம் விறுவிறுப்பானதுதான். என்றாலும் முறிந்த சஸ்பென்ஷனுக்கும் முன்கூட்டி விற்ற பயணப்பெட்டிக்கும் டெட்ராய்ட் பொறுப்பாக முடியாதே!

டக்கர் அதற்குப் பிறகும் ஓயவில்லை. பிரேசிலில் விளையாட்டுக் கார் ஒன்றைத் தயாரிக்கத் திட்டமிட்டார். அதற்குள் நுரையீரல் புற்றுநோய் தாக்கி, 1956 டிசம்பர் 26ஆம் நாள் 53 வயதில் காலமானார். சிகாகோ ஆலையின் ஒரு பகுதி பின்னாளில் பேரங்காடியாக மாறியது. சுமார் 2,450 வெள்ளிக்கு விற்கத் திட்டமிட்ட அந்தக் கார்களில் ஒன்று 2012இல் 2.9 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் போனது. 40க்கும் மேற்பட்டவை இன்னும் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன.