2,130 ஆட்டங்களும் ஒரு விற்றமின் ஊசியும்: லூ கெரிக்கின் கதை

பேஸ்போல் எங்களுக்குப் பழக்கமான விளையாட்டு அல்ல. கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்து தலையாட்டுவதோடு சரி. ஆனாலும் லூ கெரிக் என்ற பெயரை எங்களில் பலர் ஒரு வைத்தியசாலை நடைபாதையில் முதன்முதலாகக் கேட்டிருப்போம். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மோட்டோர் நியூரோன் நோய் என்று சொல்வதன் மிகப் பரவலான வகைக்கு வட அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். என்று பெயர். சனங்கள் வாயில் அது லூ கெரிக் நோய்.

மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் இருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் இது. முதலில் கையோ காலோ சோரும், பிறகு பேச்சும் விழுங்குதலும், கடைசியில் மூச்சு. பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே இதை வகுத்து எழுதிவிட்டார். ஆனால் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது ஒரு விளையாட்டு வீரனின் கை சோர்ந்தபோதுதான்.

லூ கெரிக் 1903 ஜூன் 19இல் நியூயோர்க்கின் மன்ஹற்றன் பகுதியில் பிறந்தார். தாயும் தகப்பனும் ஜேர்மனியில் இருந்து வந்து குடியேறியவர்கள். நான்கு பிள்ளைகளில் தப்பியது இவர் ஒருவர்தான். தகப்பன் தகரவேலை தெரிந்தவர், ஆனால் வேலை நிலைக்கவில்லை. குடியும் இருந்தது. வீட்டைத் தூக்கி நிறுத்தியது தாய் கிறிஸ்டீனா. பிறர் வீட்டில் துப்புரவு, உடுப்புத் தோய்ப்பு, சமையல் என்று கிடைத்த வேலை எல்லாம் செய்தார். வந்த நாட்டில் முதல் தலைமுறைத் தாய்மார் என்ன செய்வார்களோ அதையே செய்தார், என்ன ஆசைப்படுவார்களோ அதையே ஆசைப்பட்டார். மகன் என்ஜினியர் ஆகவேண்டும். இந்த இடத்தில் எங்கள் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

மகன் போன பள்ளிக்கூடம் நியூயோர்க்கின் ஹைஸ்கூல் ஒவ் கொமர்ஸ். வர்த்தகம் படித்துக் கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை! 1920இல் அந்தப் பள்ளி அணியோடு சிக்காகோவுக்குப் போய், பெரிய மைதானம் ஒன்றில் பந்தை வெளியே அடித்தபோதே அவர் பெயர் பத்திரிகையில் வந்தது. பிறகு தாயின் விருப்பப்படி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல். அங்கே மாணவர் விடுதி ஒன்றில் தாய் சமையல்காரி. 1923இல் பெற்றோருக்குச் சுகமில்லாமல் வீட்டில் பணமுடை வந்தபோது யாங்கீஸ் அணி 1,500 டொலர் முன்பணம் நீட்டியது. படிப்பை விட்டுவிட்டுக் கையொப்பம் வைத்தார்.

1925 ஜூன் 1இல் தொடங்கி 1939 ஏப்ரல் 30 வரை அவர் தொடர்ந்து ஆடிய ஆட்டங்கள் 2,130. இடையில் ஒரு நாள் விடுப்புக்கூட இல்லை. காய்ச்சல், முதுகுப்பிடிப்பு, விரல் முறிவு எதுவும் அவரை இருக்கையில் இருத்தவில்லை. அந்தச் சாதனை 1995 வரை நின்றது. அடித்த ஹோம்ரன் 493. ஆனாலும் பக்கத்தில் பேப் ரூத் என்ற பெரும் பகட்டுக்காரர் ஆடியதால் இவர் மேல் வெளிச்சம் குறைவாகத்தான் விழுந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டவராகவும் தெரியவில்லை. இரண்டு வேலை செய்து, ஒரு நாளும் சுகவீன விடுப்பு எடுக்காமல் வீட்டுக்கடன் கட்டிய எங்கள் அண்ணன்மாரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆள் விளங்குவார்.

1938இல் அடி குறையத் தொடங்கியது. 1939 வசந்தத்தில் நிலைமை மோசம். எட்டு ஆட்டங்களில் 28 தடவை அடிக்க நின்று நான்கு முறைதான் பந்து சரியாகப் பட்டது. மே 2இல் டெட்ரொயிட் நகரில் முகாமையாளர் ஜோ மக்கார்த்தியிடம் தானே போய், இன்று என்னை இறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மாயோ கிளினிக்கில் ஆறு நாள் பரிசோதனை. முடிவு சொல்லப்பட்ட நாள் ஜூன் 19, அவருடைய 36ஆவது பிறந்தநாள்.

ஜூலை 4இல் யாங்கீ மைதானத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தின் முன் அவருக்கு மரியாதை செய்தார்கள். மைக்கின் முன் நின்று, தன்னை அதிர்ஷ்டசாலி என்றே அவர் சொல்லிக்கொண்டார். அந்தப் பேச்சைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் பேச வந்தது அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களை. அதைத்தான் அதிகம் பேர் எழுதுவதில்லை.

அந்த இரண்டு வருடமும் அவர் ஓர் ஆராய்ச்சி நோயாளி. இன்றைய அர்த்தத்தில் அல்ல. அன்று படிவம் இல்லை, நெறிமுறைக் குழு இல்லை, மருந்தையும் வெற்று மருந்தையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுக்கும் முறையும் இந்த நோய்க்கு வந்திருக்கவில்லை. மாயோவில் விற்றமின் பி1 ஆன தயமினும் ஹிஸ்டமினும் முயன்று பார்த்தார்கள். நியூயோர்க்கில் நரம்பியல் வைத்தியர் இஸ்ரேல் வெக்ஸ்லர் விற்றமின் ஈ கொடுத்துக்கொண்டிருந்தார். விற்றமின் ஈ இல்லாத தீனி தின்ற எலிகளுக்கு வாதம் வந்ததை ஆய்வுகூடங்களில் கண்டிருந்தார்கள். அப்படியானால் கொடுத்தால் குணமாகுமா என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். கெரிக் அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டார். மாயோவின் வைத்தியர் போல் ஓலியரிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளிவந்தன. எந்த விரல் எப்படி இருக்கிறது, எது கூடியது, எது குறைந்தது என்று ஒரு பேரேடு எழுதுவதுபோல் தன் உடம்பைப் பதிந்து அனுப்பியிருக்கிறார்.

ஆனால் அந்தப் பேரேட்டின் மறுபக்கம் அவருக்குக் காட்டப்படவில்லை. மனைவி எலினோரிடம் வைத்தியர்கள் முழு உண்மையையும் சொன்னார்கள். மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கணவனுக்கு நம்பிக்கை குறையக்கூடாது என்று அவர் கேட்டுக்கொள்ள, கெரிக்குக்குச் சொல்லப்பட்டது பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்ற கணக்கு. அப்படி ஒரு கணக்கு எங்கும் இருக்கவில்லை.

இதை வாசிக்கும்போது நாங்கள் கொஞ்சம் நிறுத்தித்தான் வாசித்தோம். எங்கள் உறவில் ஓர் அண்ணருக்கு இந்த நோய் வந்து, ஆராய்ச்சி ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்டு இருபது பக்கப் படிவம் வந்தது. மொழிபெயர்க்க உட்கார்ந்தவள் மகள். மரணம் என்ற சொல் வந்த பக்கங்களை அவள் தமிழில் சொல்லவில்லை. யார் அவளைக் குறை சொல்வது? எலினோர் செய்ததும் அதுதான். ஆனால் வெற்று மருந்து கிடைக்கலாம், மருந்து கிடைத்தாலும் குணம் வராது, சில மாதம் தள்ளிப்போகலாம், அல்லது தனக்கு ஒன்றுமே கிடைக்காமல் பின்னால் வருபவனுக்குப் பயன்படலாம் என்பதெல்லாம் தெரியாமல் ஒருவர் வைக்கும் கையொப்பத்தை சம்மதம் என்று நாங்கள் எண்ணுவதில்லை. கணக்காளர்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்தை மறைத்த ஐந்தொகையில் யாரும் ஒப்பமிடக்கூடாது. பிறகு வைத்தியசாலையில் வெளியார் ஒருவரை மொழிபெயர்ப்பாளராகக் கேட்டு வாங்கினோம். அண்ணர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, எப்போது வேண்டுமானாலும் விலகலாம்தானே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். விலகலாம். விலகினாலும் வழமையான சிகிச்சை குறையாது. சேர்ந்துகொண்டார்.

விற்றமின் ஈக்கு வருவோம். வெக்ஸ்லர் தன் நோயாளிகள் சிலருக்கு முன்னேற்றம் என்று 1940இல் எழுதினார். மற்ற வைத்தியர்கள் தங்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத ஒரு குழு இல்லாதபோது, நோய் தானாகக் கொஞ்சம் மெதுவானதா மருந்தால் மெதுவானதா என்று எப்படிச் சொல்வது? அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேட அறுபது வருடம் ஆனது. 2001இல் வெளியான ஆய்வில் 289 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு விற்றமின் ஈ, மறு பகுதியினருக்கு வெற்று மருந்து, யாருக்கு எது என்று வைத்தியருக்கும் தெரியாது. விற்றமின் ஆயுளைக் கூட்டவில்லை. அந்த ஆய்வில் இருந்த எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்த றிலுசோல் என்ற மருந்தும் அப்படியே வந்தது. முதலில் 155 பேர், பிறகு 959 பேர் சேர்ந்த ஆய்வுகளால். அது கூட்டித் தருவது இரண்டு மூன்று மாதம். அவ்வளவுதானா என்று கேட்கலாம். அவ்வளவுதான். 2023இல் அமெரிக்கா அனுமதித்த ரொஃபர்சென் இன்னும் நுட்பமானது, எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். நோயாளிகளில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். அதன் முக்கிய ஆய்வில் இருந்தவர்கள் 108 பேர். முதுகில் ஊசி ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தவர்கள்.

மரபணு என்று வந்த பிறகு, எங்கள் ஆட்களும் இந்த ஆய்வுகளில் இருக்கவேண்டும் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்த நோய்க் குடும்பத்தில் ஒன்றுக்கு மெட்ராஸ் மோட்டோர் நியூரோன் நோய் என்றே பெயர். 1970இல் சென்னை வைத்தியர்கள் வகுத்து எழுதியது. இளவயதில் வரும், கைகால் மெலிவோடு காதும் கேட்காமல் போகும், மற்ற வகையைவிட மெதுவாகப் போகும். பெரும்பாலும் தென்னிந்தியாவில் காணப்பட்டது. வெள்ளைக்கார நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

கெரிக் வீட்டில் முடங்கவில்லை. நியூயோர்க் மேயர் லாகார்டியா அவரைச் சிறைக்கைதிகளின் விடுவிப்பு ஆணைக்குழுவில் நியமித்தார். பத்து வருடப் பதவி, ஆண்டுக்கு 5,700 டொலர். யாங்கீஸில் வாங்கியதோடு பார்த்தால் சில்லறைக் காசு. இதைவிட நல்ல காசு தரும் அழைப்புகளை அவர் தட்டிவிட்டார். கைதிகளின் கோப்புகளைப் படித்தார், சிறைகளுக்கு விளம்பரம் இல்லாமல் போனார். கை எழும்பாதபோது எலினோர் அவருடைய கையைப் பிடித்து ஒப்பம் வைக்க உதவினார். இடையில் ஒரு பத்திரிகை, அணி தோற்பதற்கு இவரிடம் இருந்து தொற்றிய கிருமிதான் காரணமோ என்று எழுதிவிட்டது. மாயோவின் அறிக்கையில் பொதுசனத்துக்கு விளங்கட்டும் என்று ஒருவகை இளம்பிள்ளைவாதம் எனச் சொல்லியிருந்ததால் வந்த வினை. இது தொற்றும் நோயே அல்ல. கெரிக் வழக்குப் போட்டார், பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. எங்கள் வீடுகளிலும் நோயாளி குடித்த தேநீர்க் கோப்பையைத் தனியாக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

1941 ஜூன் 2இல், 37 வயதில் அவர் இறந்தார். இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்வரை ஆணைக்குழு வேலையை விடவில்லை. எலினோர் மறுமணம் செய்யவில்லை. மிச்ச வாழ்நாளை இந்த நோயின் ஆராய்ச்சிக்கு ஆதரவு திரட்டுவதில் கழித்து 1984இல் இறந்தார். றிலுசோல் கடைக்கு வர அப்போது இன்னும் 11 வருடங்கள் இருந்தன.