தண்ணீர் தராத கோச்!

1954, டெக்சாஸ். ஏ அண்ட் எம் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்குப் புது கோச்சா வந்தார் பியர் பிரையன்ட். பசங்களை பஸ்ல ஏத்தி, ஜங்ஷன்ங்கிற குட்டி ஊருக்குக் கூட்டிட்டுப் போனார். கொளுத்துற வெயில், 10 நாள் பயிற்சி. நடுவுல ஒரு மடக்கு தண்ணிகூடக் கிடையாது! ஒரு வீரர் சுருண்டு விழுந்து, பிழைச்சதே பெரிசு. பாதிக்கு மேல ஓடிட்டாங்க. அந்த சீசன்ல 10 மேட்ச்ல ஒரே வெற்றி.

ஆனா, 1956-ல் தோல்வியே இல்லாம கான்ஃபரன்ஸ் சாம்பியன். பிறகு அலபாமாவில் 6 தேசியப் பட்டங்கள். 1983-ல் இறந்தப்போ அவர் கணக்கில் 323 வெற்றிகள்.

அதே காலத்தில் மினசோட்டாவில் ஒரு சின்ன கல்லூரி. அங்கே ஜான் கலார்டி, பயிற்சியில் வீரர்கள் மோதி விழுத்துறதையே தடை செய்தார். அவர் ஜெயிச்சது 489!

வதைச்சாதான் ஜெயிக்க முடியுமா என்ன?